வெள்ளை நூல் அட்டை

கிளி,

இன்று காலை கொமினிகேஷன் கடையில் உன் அட்டை ஒன்றை லெமினேட் பண்ணக் கொடுத்துவிட்டு, அதில் கட்டியிருந்த வெள்ளை நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன். சூடான பிளாஸ்டிக் வாசம் வந்ததும் நீ பக்கத்தில் நிற்பது போல இருந்தது. மற்ற அட்டைகளுக்கெல்லாம் நீயே லெமினேட் போட்டுவிட்டாய். இது ஒன்றுதான் மிச்சம் கிடந்தது.

நீ கெம்பஸ் படிப்பு முடித்து வந்தபோது பெட்டிக்குள் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. மேசையைச் சுற்றி இருந்து விளையாடும் கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். கதை சொல்வது நீ. விளையாட வந்தது உன்னோடு படித்த சஹீனாவும் காரைதீவு தர்ஷியும்.

நான் தறியில் இருந்தேன். உனக்கு மூத்தவள், அஞ்சாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் விட்டவள்.

"ராத்தா, நீங்களும் வாங்க."

"அந்தப் புத்தகம் எனக்கு வாசிக்க ஏலாது புள்ள."

"புத்தகத்த நான் பாத்துக்கிறன். ஒங்களுக்கு காட் தாறன்."

அடுத்த நாளே என் கழிவு நூலில் நிறம் பொறுக்கி, ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் கட்டினாய். சிவப்பு அடிப்பதற்கு, பச்சை காயம் ஆற்ற, நீலம் ஒளிந்துகொள்ள. கீழே இரண்டு வரித் தமிழ். என் முறை வந்தால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை, நூலைப் பிடித்தால் போதும். எனக்கு மட்டும் அப்படித் தந்திருந்தால் கூசியிருப்பேன். நீ எல்லாருக்கும் அதே அட்டையைத்தான் கொடுத்தாய். கெம்பஸ் படித்தவர்களும் நூல் பிடித்துத்தான் விளையாடினார்கள்.

செய்தது பலிக்குமா என்று பார்க்கப் பகடை வேண்டும். உம்மா விடவில்லை. "காய் உருட்டுற வேல இந்த ஊட்டுக்குள்ள வேணாம்." நீ எதிர்த்துக் கதைக்கவில்லை. புளியங்கொட்டைகளில் இலக்கம் எழுதிச் சுருக்குப்பையில் போட்டாய். கொஞ்ச நாள் போக உம்மாவே வந்து நின்று, "வடிவாக் குலுக்கிட்டு எடுகா, போன முறையும் சின்ன இலக்கம்தானே வந்த" என்று என்னை ஏசினார்.

பூதம் வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கோட்டை வாசலில் பொல்லுத்தடியோடு பெரிய பூதம் நிற்கிறது என்றாய். என் முறை. சிவப்பு நூலைத்தான் பிடித்தேன். வாயில் வந்ததோ "அஸ்ஸலாமு அலைக்கும்." ஒரு வாசலுக்குப் போனால் வேறென்ன சொல்வது?

சஹீனா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "ராத்தா, அது ஒங்களத் தின்ன நிக்கிது. தேத்தண்ணியும் கேளுங்க."

நீ சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாய். பிறகு பூதத்தின் தடித்த குரலில், "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றாய். "சலாம் சொன்ன ஆளுக்கு அடிக்க ஏலாதே. பொல்லக் கீழ வைக்கிது."

"அப்ப நான் வணக்கம் சொன்னா?" என்றாள் தர்ஷி.

"அதுக்கும் இதே காட்தான்."

அங்கேயே ஒரு புது அட்டை வெட்டி வெள்ளை நூல் கட்டினாய். என் பிழையை விளையாட்டின் சட்டமாக்கினாய். அந்தத் தடித்த புத்தகத்தில் அப்படி ஒன்று இருக்காது.

"பூதம் ராத்தாட்ட ஒரு விசயம் சொல்லப் போகுது. அது என்னெண்டு வாற வெள்ளிக்கிழம" என்று பையைக் கட்டினாய். அந்த வெள்ளிக்கிழமை நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். பிறகு வீட்டுக்கு நீ வரவில்லை, உன் ஜனாஸாதான் வந்தது.

போன கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். "கதைய நீங்க சொல்லுங்க ராத்தா. இல்லாட்டி இது இதோட முடிஞ்சிரும்" என்றாள் தர்ஷி. ஏலாது என்றேன். அந்தப் புத்தகத்தில் ஒரு வரி தெரியாதவள் என்ன கதை சொல்வது? உம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "அவளும் புத்தகத்தப் பாத்தா சொன்ன? ஒங்கட மூஞ்சியளப் பாத்துத்தானே சொன்ன."

இன்று அசர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் வருவார்கள். நீ இருந்து கதை சொன்ன கதிரையில் நான் இருக்கப் போகிறேன். யாரும் பிழையாக ஏதும் சொன்னால் சிரிக்க மாட்டேன், கொஞ்சம் யோசிப்பேன். அது உன்னிடமிருந்து எடுத்தது. வெள்ளை நூலையும் திரும்பக் கட்டிவிட்டேன்.

ஆனால் பூதம் பொல்லைக் கீழே வைத்துவிட்டு இன்னும் வாசலிலேயே நிற்கிறது. அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அது என்னிடம் என்ன சொல்ல இருந்தது, கிளி?