நீ நடந்து போன பள்ளிக்கூடம்

அன்புள்ள பாலுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை, எனக்கு மட்டும் மாடிப்படி ஏறும்போது முட்டி பேசுகிறது. நீயும் மருமகளும் பேரனும் கனடாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லியிருப்பேன், பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை எங்கள் குடியிருப்பு டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்கு நீ வீடியோவில் பேசினாயே, கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். உன் தங்கை கயல் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க உன் முகம். நானும் கால்வாய் ஓரத்துக் குடிசைதான், எங்களையும் இடித்துத் தூக்கி உங்கள் இடத்தில்தான் போட்டார்கள், நான் படிக்கவில்லையா, மனசு வைத்தால் யாராலும் முடியும், சாக்கு சொல்லாதீர்கள் என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது ஏழாவது படிக்கிற ஃபிசா எழுந்து, "அண்ணா, இங்கருந்து நீங்க எந்த பஸ்ல ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தீங்க" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "பஸ்ஸா, நான் நடந்தே போவேன்" என்றாய். அந்தக் குடியிருப்பிலிருந்து நீ படித்த மயிலாப்பூர் பள்ளிக்கூடம் இருபத்தைந்து கிலோமீட்டர். "அண்ணா நல்லா கப்சா வுடுது" என்று ஒருத்தி சொல்ல, பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நீ அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். கயல் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

நீ பொய் சொல்லவில்லை. நடந்துதான் போனாய், ஆனால் அங்கிருந்து இல்லை. நம் வீட்டை இடித்து நம்மை லாரியில் ஏற்றியபோது நீ பத்தாவது, கயல் ஏழாவது. மயிலாப்பூருக்குப் பக்கத்தில் நொச்சிக்குப்பத்தில் இருந்த உன் துரைராஜ் மாமா, "ஒரு ஆளுக்குத்தான் எடம் கீதுக்கா, ரெண்டு பேருன்னா நாங்க இன்னா கடல்லயா படுக்கறது" என்றான். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் உன் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தவள் நான். கயலிடம் கேட்கவே இல்லை. இரண்டு மாதம் அவள் விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி, மயிலாப்பூருக்கே போய்ப் பார்த்தாள். வாரத்தில் மூன்று நாள் தாமதமாகிவிடும், வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். பிறகு நானே, நான் வேலைக்குப் போக வேண்டும், தண்ணி லாரி வரும்போது வீட்டில் ஆள் வேண்டும், நீ நின்றுவிடு என்றேன். நின்றுவிட்டாள். அழக்கூட இல்லை. அவள் உன்னைப் போலப் படிக்கவில்லை என்று நீ சொல்வாய். உண்மைதான், சுமாராகத்தான் படித்தாள். சுமாராகப் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாமா? நான் சமைக்கப் போகிற அடையாறு வீட்டுப் பையன் பன்னிரண்டாவதில் இரண்டு தடவை ஃபெயில். வாத்தியார் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்தார், மூன்றாம் தடவை தேறினான், இன்றைக்குக் காரில் ஆபீஸ் போகிறான். அவன் அம்மா, "எம் புள்ள விழுந்து விழுந்து படிச்சான் முத்தம்மா" என்கிறாள். அவன் விழுந்தபோதெல்லாம் தூக்கிவிட ஆள் இருந்தது, அதை அவள் சொல்ல மாட்டாள். நம் பிள்ளைகள் மட்டும் முதல் மார்க் வாங்கினால்தான் படிக்கலாம் என்பது யார் போட்ட சட்டம்? அந்தச் சட்டத்தை இப்போது நீயும் பேசுகிறாய், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கயல் மகள் தமிழ்நிலாவுக்கு மயிலாப்பூரில் ஆறாம் வகுப்பில் இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். ஆதம்பாக்கத்தில் நீ வாங்கிப் போட்ட ஃப்ளாட் எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது, வேளச்சேரியில் ரயில் ஏறினால் அரை மணியில் பள்ளிக்குப் போய்விடலாம், அவள் படித்து முடிக்கும்வரை கயல் குடும்பம் அங்கே இருக்கட்டும் என்று உன்னிடம் கேட்டேன். நீ, "அங்கருந்தே போகட்டும்மா, கஷ்டப்பட்டாதான் புத்தி வரும், அசோசியேஷன்காரங்க வேற ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றாய். அதே போனில் ஐந்து நிமிஷம் கழித்து, பேரனுக்கு நல்ல ஸ்கூல் கிடைக்க வேண்டும் என்று அந்த ஏரியாவுக்கே வீடு மாறிவிட்டோம் என்று சந்தோஷமாகச் சொன்னாய். உன் பிள்ளைக்கு மட்டும் கஷ்டப்படாமல் புத்தி வந்துவிடுமா? அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை, இன்றைக்குக் கேட்கிறேன்.

சென்டரிலிருந்து திரும்பி வரும்போது கயல் ஒன்றுதான் சொன்னாள். "அண்ணன் மேல கோவம் இல்லம்மா, அது மறந்துடுச்சி. நீயும் கைதட்டிக்கினு இருந்தியே, நீகூடவா மறந்துட்ட." ஆமாம், நானும் கை தட்டினேன். திங்கட்கிழமை காலையில், மாதாமாதம் பெருக்கச் சொல்லி நீ கொடுத்துவிட்டுப் போன சாவியை எடுத்துக்கொண்டு போய் உன் வீட்டைத் திறந்தேன். பாய், குக்கர், குழந்தையின் புத்தகப்பை, இவ்வளவுதான் முதலில் கொண்டுவந்தோம். கீழ்வீட்டு அம்மா படியிலேயே நிறுத்தி, "எந்த வீட்டுக்கு வேலைக்கு வந்திருக்கீங்க" என்றாள். "குடி வந்திருக்கோம்" என்றேன். வாடகைக்குக் கேட்டிருந்தவர்களிடம் வீடு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. நான்கு நாளாகத் தமிழ்நிலா மணி அடிக்கும் முன்னால் பள்ளியில் இருக்கிறாள்.

வீடு உன்னுடையது, நீ சம்பாதித்தது. காலி செய்யச் சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் சொல்லாதே. கயல் நம்பர் உன்னிடம் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போ என்று உன் வாயாலேயே அவளிடம் சொல். அந்த வார்த்தையை நான் ஒரு தடவை சொன்னது போதும்.

பேரன் புதுப் பள்ளியில் நன்றாக வரட்டும், எந்த வாத்தியாரும் அவனை வெளியே நிற்க வைக்காமல் இருக்கட்டும். நீ நீண்ட ஆயுசோடு இரு, கோபத்தோடு சொன்னாலும் அம்மா வாழ்த்து வாழ்த்துதான். வேளைக்குச் சாப்பிடு, வண்டி ஓட்டும்போது போன் பேசாதே. பதில் எழுதுவதாக இருந்தால் ஆதம்பாக்கம் விலாசத்துக்கே எழுது.

இப்படிக்கு
உன் அம்மா,
முத்தம்மா