டிக்கட் மெஷினின் சத்தம்

12 மே 2008, திங்கள்

மனேஜர் ஹெக்டரோடு மறுபடியும் சண்டை. பஸ் கொண்டக்டர்கள் கையில் பிடித்துத் திரிகிற டிக்கட் மெஷினுக்கு எங்கள் கொம்பனிதான் மென்பொருள் எழுதுகிறது. அதிலுள்ள பழைய சிப்பை இனி யாரும் செய்யப்போவதில்லை. புதிய சிப்புக்கு எல்லாவற்றையும் மாற்றவேண்டும். பழைய நிரல் அசெம்பிளியில் எழுதியது. அந்த மொழி அந்த ஒரு சிப்புக்கு மட்டுமே விளங்கும். இதையாவது சீ (C) மொழியில் எழுதுவோம், எந்தச் சிப்புக்கும் மாற்றிக்கொள்ளலாம், பாதிக்கு மேல் வீட்டுக் கம்பியூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். இல்லையாம். புதிய சிப்பின் அசெம்பிளிதானாம். அதுதான் வேகமாம்.

பஸ்ஸிலேயே குண்டு வெடிக்கிற ஊரில் டிக்கட் அரை விநாடி முந்தி வந்து என்ன? தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனுசன். மேசையில் கடதாசிக்குப் பாரம் வைக்கிற கண்ணாடிக் குண்டைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். என் புருசன் யோகன் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

19 மே

அசெம்பிளிதான். முடிவாகிவிட்டது. வாய் கிழியக் கத்தியும் பலனில்லை.

23 மே

புதிய சிப் பூட்டிய பலகை அலுவலகத்தில் இருப்பதே ஒன்றுதான். சிங்கப்பூரிலிருந்து வந்தது. பெட்டி கிடையாது, பச்சைத் தட்டு, நாலைந்து வயர், ஒரு பற்றரி, சின்ன ஸ்பீக்கர். அது இல்லாமல் என் நிரலின் ஒரு வரியைக்கூட ஓட்டிப் பார்க்க முடியாது. இன்று முதல் தடவையாக உயிர் வந்தது. பற்றரியை மாட்டியதும் ஒரு பீப். யோகன் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார். பலகை, வயர் எல்லாம் அவருடைய வேலை. உள்ளே ஓடுவது என்னுடையது. புருசனும் பெண்சாதியுமாய்ப் பெற்ற பிள்ளை என்று கன்ரீனில் பகிடி பண்ணுகிறார்கள்.

27 மே

நேற்று தெகிவளையில் ரயிலுக்குள் குண்டு. இன்று வெள்ளவத்தையெங்கும் ஆமிக்காரரின் சோதனை. அலுவலகத்தை மூன்று நாள் பூட்டப்போகிறார்களாம். எனக்குக் காய்ச்சல், போகவில்லை. அலுவலகத்திலிருந்து யோகன் ஃபோன் எடுத்தார்.

"பலகையைக் கொண்டுவாறன். வீட்டில இருந்து செய்யும்."

"வேண்டாமப்பா. அந்த வயரைப் பாத்தால் ஆர் விடுவான்?"

"கேட்டால் விளங்கப்படுத்தலாம். நீர் பயப்படாதையும்."

நாலு மணிக்கு வெளிக்கிட்டவர். இப்போது ஏழு. ஃபோன் ஓஃப்.

28 மே

எங்கே? எங்கே வைத்திருக்கிறார்கள்?

காலையில் த்ரீவீல் ராமையா வந்தான். வழக்கமாக எங்களை ஏற்றுகிறவன், நேற்று யோகனையும் ஏற்றி வந்தவன். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று இல்லை. வாசலிலேயே குந்திவிட்டான்.

"பம்பலப்பிட்டி செக்பொயின்ட்ல பையைத் திறக்கச் சொன்னாங்கம்மா. அண்ணன் இது டிக்கட் மெஷின்னு சிங்களத்துல நல்லாத்தான் சொன்னாரு. நம்பல. அப்ப ஓட்டிக் காட்டுறேன்னு பேட்டரிய மாட்டிட்டாரு. அது பீப்னு கத்திருச்சு. அவ்வளவுதாம்மா."

ஆமிக்காரர் எல்லோரும் நிலத்தில் விழுந்து படுத்தார்களாம். எழும்பினதும் அடி. துவக்குப் பிடியால் முகத்தில், பூட்சால் நெஞ்சில். வயரைப் பிடித்த கையைக் கல்லில் வைத்து மிதித்தார்களாம். பலகையைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் வெடிவைத்துத் தகர்த்தார்களாம். யோகனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

ஓட்டிக் காட்டினாராம்! ஐயோ, என்ர மடையா, செக்பொயின்றில நிண்டு ஆரப்பா டெமோ காட்டுவான்? எங்களைப்போல ஆக்கள்தான். மெஷின் ஓடினால் நம்புவினம் எண்டு நினைக்கிற ஆக்கள்.

மிதிச்சவன்ர கால் அழுகிப் போகட்டும்.

30 மே

யோகனைத் தேடிப் பொலிஸ் நிலையம். ஹெக்டரும் வந்தார். வாங்கில் குந்தியிருந்தோம். குண்டு இல்லையென்றால் ஏன் கத்தியது என்று அங்கிருந்த பொலிஸ்காரன் ஒரே கேள்வி. மெஷின் இயங்குகிறது என்று கொண்டக்டருக்குத் தெரியவேண்டுமே, அதற்குத்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் இடுப்புத் துவக்கை உருவி அந்த வாய்க்குள் திணிக்கலாம் போல இருந்தது. உள்ளே யாரையோ அடிக்கும் சத்தம் கேட்டது. யோகனா என்று தெரியவில்லை. அதுதான் கொடுமை, அலறும்போது எல்லோருக்கும் ஒரே குரல்.

5 யூன்

விட்டுவிட்டார்கள். ஹெக்டர் யார் யாரையோ பிடித்திருக்கிறார். வலது கையில் மூன்று விரல் முறிவு. இடது காது கேட்காது. முதுகைப் பார்த்தேன். அதை எழுதமாட்டேன்.

வீட்டில் இருந்த பீங்கான் எல்லாவற்றையும் சுவரில் அடித்து உடைத்தேன். ஒரேயொரு கோப்பை மிஞ்சியது.

7 யூன்

ஹெக்டர் ஃபோன். சீ மொழியிலேயே எழுதட்டாம். பலகைதான் இல்லையே, வேறு என்ன வழி? இதை முதலே சொல்லியிருந்தால் யோகன் எதையும் சுமந்து வந்திருக்கமாட்டார் என்று கத்தினேன். ஃபோனை வைத்துவிட்டு எழுதக் குந்தினேன்.

26 யூன்

புதிய பலகை வந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் எடுக்க வரமாட்டோம், உங்கள் காரில் கொண்டுவாருங்கள் என்று ஹெக்டருக்குச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து என் நிரலை ஏற்றினேன். இரண்டு இடத்தில் தட்டியது, திருத்தினேன். பற்றரியை மாட்டினேன்.

பீப்.

கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த யோகன் முழங்காலில் விழுந்தார். கோப்பை சிதறியது. கைகள் இரண்டும் பிடரியில், கட்டுப்போட்ட கையும்தான். ஹெக்டரை நிமிர்ந்து பார்த்து, "இது டிக்கட் மெஷின், மாத்தையா" என்று சிங்களத்தில் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, அறையில் படுக்கவைத்துவிட்டு வந்தேன். சத்தம் எழுப்புகிற வரியைத் தேடி அழித்தேன். பஸ்காரர்கள் கேட்டு வாங்கிய சத்தம் அது. ஹெக்டர் நிலத்தில் குந்தியிருந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

இனி எந்தச் சிப்புக்கு மாற்றினாலும் அந்த மெஷின் சத்தம் போடாது.