ஊரடங்கில் பிறந்த சிம்ரனின் பிறப்பைப் பதிவு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
தே. ஏஞ்சல்,
சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி,
ஐயம்பேட்டை, காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: ஐயம்பேட்டையில் பிறந்த நேபாளக் குடும்பத்துக் குழந்தையின் பிறப்பைப் பதிய மறுத்தது – ஆணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தக் கோடை விடுமுறையில் நானும் வகுப்புத் தோழர் கலைவாணனும், எங்கள் ஊரில் தங்கி வேலை செய்யும் வெளிநாட்டு, வெளிமாநிலக் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறோம். அப்படி வந்தவர் நேபாளத்தைச் சேர்ந்த சுனிதா தமாங். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை செய்து, மகளைத் தனியாக வளர்க்கிறார். மகள் சிம்ரனுக்கு ஆறு வயது. பிறப்புச் சான்று இல்லை.

2. ஊரடங்கில் வண்டி எதுவும் கிடைக்காமல் வாடகை வீட்டிலேயே பிரசவம் ஆனது. பிரசவம் பார்த்தவர் பக்கத்து வீட்டு ஜெயம்மாள். தேதியை எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "அன்னிக்குத்தான் எம் பொண்ணு கல்யாணம் நடந்திருக்கணும்மா. மண்டபத்த மூடிட்டாங்க. நா அழுதுக்கினு இருந்தேன், இவ வலி எடுத்துக் கத்துனா" என்றார். உள்ளே போய், நடக்காமல் போன அந்தக் கல்யாணத்தின் பத்திரிகையை எடுத்து வந்தார். அதிலுள்ள நாள் 24.05.2020.

3. பத்திரிகை, ஜெயம்மாளின் வாக்குமூலம், பதிவு இல்லை என்ற சான்று ஆகியவற்றுடன் உரிய அலுவலகத்துக்கு மூன்று முறை சென்றோம். மூன்றாம் முறை அங்கிருந்த பணியாளர் பத்திரிகையைப் பார்த்துச் சிரித்தார். "நேபாளத்துல போய் வாங்கிக்கோங்கமா" என்று மனுவைத் திருப்பித் தந்தார். காரணம் எழுதித் தரவில்லை. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிய வேண்டும் என்பது சட்டம். பெற்றோரின் நாடு அதற்குத் தடையில்லை. அந்தப் பணியாளர்மீது நடவடிக்கை கேட்பது எங்கள் நோக்கம் அன்று.

4. எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். "ஒரே நாள்ல முடிஞ்சிடும்க்கா" என்று சுனிதாவிடம் சொன்னவள் நான்தான். சட்டப் பிரிவு தெரியும், அலுவலகம் தெரியாது. என் பேச்சை நம்பி மூன்று நாள் வேலையை விட்டு வந்தார். கடைசி நாள் பஸ்ஸில், "விடுமா, அவ நல்லா இருக்கிறா, அது போதும்" என்றார். போதாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இன்றைய நிலையில் எந்த நாட்டின் பதிவேட்டிலும் சிம்ரன் இல்லை.

5. ஆகவே 1969ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், பிரிவு 13(3)இன்படி விசாரித்து ஆணையிட வேண்டுகிறேன். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டுகிறேன்.

6. வரும் 15ஆம் தேதி கல்லூரி திறப்பதால் விசாரணைக்கு நாங்கள் உடன் வர இயலாமல் போகலாம். இதுவரை கேள்விகள் அனைத்தும் எங்களைப் பார்த்தே கேட்கப்பட்டன. சுனிதா பின்னால் நின்றிருந்தார். இம்முறை அவரை உட்காரவைத்து அவரிடமே கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார்.

இணைப்பு: மேற்கண்ட மூன்று ஆவணங்கள்.

நாள்: 08.06.2026
இடம்: ஐயம்பேட்டை

இப்படிக்கு,
தே. ஏஞ்சல்