கேட்டில் கையைத் தூக்கி நிற்கும் வீரர்கள்

என் அருமை டேனி அண்ணா,

உன் படத்துக்கு முன்னால் அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நான் உன்னோடு சண்டை போட உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஐந்து மாதமாகியும் கோபம் தீரவில்லை.

காய்ச்சல் என்று ரயிலில் உன் நண்பர் வில்சன் அண்ணனிடம் சொன்னாய். அதோடு ஒரு வாரம் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தாய். கண் மஞ்சளாக இருக்கிறதே என்று நான் கேட்டபோது, "தூக்கம் பத்தல பாப்பா" என்றாய். நண்பனிடம் சொன்னதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை?

சரி, வீட்டுச் செய்திக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆட்டத்துக்குக் கதை எழுதிய நோட்டைக் கேட்டு வில்சன் அண்ணன் வந்தார். பெங்களூரில் உங்களைப் போலப் பகடை உருட்டிக் கதை ஆடுகிறவர்கள் சாகசக் கதைகளைச் சேர்த்துப் புத்தகம் போடுகிறார்களாம். "டேனி பேர நாலு பேரு படிப்பாங்க இல்ல ஆன்ட்டி" என்றார். அம்மா உடனே, "குடுத்துடு கிரேசு. அத வச்சிக்கினு நீ இன்னா பண்ணப்போறே?" என்றாள்.

இன்னா பண்ணப்போறேனா? அந்த நோட்டில் பாதி எனக்கு மனப்பாடம். பனியை ஃப்ரீசரில் மட்டும் பார்த்த நீ ஒரு பனி நாட்டை எழுதினாய். பிறகு கொள்ளையர் தீவு, மணல் நகரம், மேகத்தில் மிதக்கும் ஊர். நண்பர்கள் நான்கு பேரும் பகடை உருட்டி வீரர்களாக வருவார்கள். அவர்கள் நடக்கிற உலகம் முழுவதும் உன் வாயிலிருந்து வரும். எந்த ஊரை எழுதினாலும் முதல் வரியில் ஒரு கேள்வி இருக்கும்: இங்கே இருப்பவர்கள் யாருக்குப் பயப்படுகிறார்கள்? பனி நாட்டில் விறகு வைத்திருப்பவனுக்கு. தீவில் குடிதண்ணீர் விற்பவளுக்கு. அரக்கன், பூதம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடைசியாகத்தான் சுரங்கத்தை எழுதினாய். நீ போன பிறகு அந்தப் பக்கங்களை மட்டும் நான் திறக்கவில்லை. அந்த ஆட்டம் நினைவிருக்கிறதா? வீரர்கள் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். கீழே போகப் போக லெவலுக்கு லெவல் சூடு ஏறியது. மூன்று தலைப் பாம்பைக் கொன்று, தங்கத்தோடு மேலே வந்தார்கள். வில்சன் அண்ணன் விசிலடித்தார். நீ சிரிக்காமல் சொன்னாய்: "கேட்டுல காவலுக்கு நிக்கறாங்க. எல்லாரும் கைய தூக்குங்க. செருப்ப கழட்டுங்க."

"டேய், பாம்ப கொன்னவங்கடா நாங்க!"

"யாரா இருந்தாலும் சோதனை உண்டு."

தப்பிக்க ஒரு தடவை பகடை உருட்டக் கேட்டார்கள். நீ விடவில்லை. தங்கம் முழுவதும் கேட்டிலேயே போய்விட்டது.

"ஆபீசுல நாள் பூரா கைய கட்டிக்கினு நிக்கறோம். இங்க வந்து கைய தூக்கணுமா? இன்னாடா ஆட்டம் இது?" என்று வில்சன் அண்ணன் எழுந்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்த நானும் சிரித்தேன். உன் பக்கம் நிற்க அந்த அறையில் நான் ஒருத்திதான் இருந்தேன், அண்ணா. நானும் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "மொதல்ல வாயத் தொறக்க சொல்லுவாங்க. அப்பறம்தான் கையி" என்றார். நம் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடும்வரை அதில் ஷிப்ட் போனவர் அவர். இன்று பெங்களூரில் ஒரு கம்பெனி வாசலில் நின்று மற்றவர்களின் பையைத் திறந்து பார்க்கிறார். தங்கம் எடுத்து வருகிறார்களா என்று சுரங்கத்து கேட்டில் செய்த சோதனையைப் பற்றி அதற்கு முன் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் பேசியதை நீ கவனித்தாயா?

வில்சன் அண்ணன் ஒரு நிபந்தனையும் வைத்தார். "அந்த கேட் சீனு மட்டும் வாணாம் கிரேசு. தங்கத்தோட போனாங்கன்னு முடிச்சிடலாம். ஜாலியா ஆட வர்றவங்க அழுதுகினு போவக் கூடாது பாரு."

"அப்ப புக்கும் வாணாம். அத எடுத்துட்டா அது எங்கண்ணன் எழுதினது இல்ல."

அவர் கோபப்படவில்லை. நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கேட் வரும் அரைப் பக்கத்தை நீயே கோடு போட்டு அடித்திருந்தாய். கீழே உன் கையெழுத்தில்: 'யாருக்கும் பிடிக்கல. நேரா வெளியே விட்டுடலாம்.'

"நான் எடுக்கச் சொல்லல பாப்பா. அவனே எடுத்துட்டான்."

நாலு பேர் சிரித்ததற்கா அடித்தாய்? இல்லை, நான் சிரித்ததற்கா? யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று உன் காய்ச்சலையும் இப்படித்தான் அடித்துவிட்டாயா?

வில்சன் அண்ணனைத் திட்டவும் முடியவில்லை. உன் சவப்பெட்டியைத் தூக்கும்போது அவர் அழுததை நான் பார்த்தேன். யோசிக்க ஒரு வாரம் கேட்டேன்.

நேற்று அப்பா டூட்டி முடிந்து வந்ததும் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். "வாயத் தொறந்த அப்பறம் இன்னா பண்ணுவாங்கப்பா?" அவர் நோட்டைப் பார்த்தார்.

"எழுதப் போறியா?"

"ஆமா."

"அப்ப சரியா எழுது" என்றவர் சொல்லத் தொடங்கினார். உன் அரைப் பக்கம் இப்போது ஐந்து பக்கமாகிவிட்டது. நீ போட்ட கோட்டை நான் அழிக்கவில்லை; அடுத்த பக்கத்திலிருந்து என் கையெழுத்து. புத்தகம் போட்டால் கேட் சீனோடு போடட்டும். இல்லையென்றால் வேண்டாம். உனக்குப் பிடிக்காமல்கூடப் போகலாம். தெரிந்தேதான் செய்கிறேன்.

வரும் ஞாயிறு, சர்ச் முடிந்ததும் நம் வீட்டில் ஆட்டம். நான்கு பேரும் வருகிறார்கள். காவலாளியாக இருக்கிறீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். "டெய்லி அதத்தான பண்றேன்? நான் பாம்ப கொல்றவனா வரேன்" என்றார்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணா. கதையை நான் நடத்துவேன். யார் சிரித்தாலும், யார் எழுந்து போனாலும் நிறுத்த மாட்டேன். அப்பா தங்கத்தோடு மேலே வரும்போது அவரையும் வாயைத் திறக்கச் சொல்வேன்.

உன் பேச்சைக் கேட்காத தங்கச்சி,
கிரேஸ்
சாம்பியன் ரீப்ஸ்