பூசணிக்காய் உடைத்த பிறகு

ஆடி 9, வெள்ளி
விடிந்ததிலிருந்து சாரல். துணி காயவில்லை. என் வீட்டுக்காரரைக் கொன்ற படம் இன்று கம்பம் டவுனில் ரிலீஸ். வேறு கிரகத்துக்குக் கப்பல் போகிற கதையாம். கோடி கோடியாய்க் கொட்டி எடுத்ததாம்.

கப்பலை எங்கள் தோட்டத்தில்தான் கட்டினார்கள். இரும்பும் தெர்மாகோலும். ஹீரோவைப் பறக்கவிடும் கயிறு இழுக்க அவர் போனார். கடைசி நாள் பூசணிக்காய் உடைத்தார்கள். உடைத்தால் படப்பிடிப்பு முடிந்தது, அப்புறம் ஷாட் கிடையாது. அன்றுதான் இரும்புச் சட்டம் சரிந்து அவர் மண்டை பிளந்தது.

மேனேஜர் சொன்னது: "வேலை முடிஞ்சப்புறம் குடிச்சுட்டு அவனா ஏறி விழுந்தான்." அங்கேயே எடுபிடி வேலை பார்த்த கொழுந்தன் பாண்டியும் ஊரெல்லாம் அதையே சொன்னான். அன்று சனிக்கிழமை. குச்சனூர் கோயில் விரதம். சனிக்கிழமை அவர் தொடவே மாட்டார்.

ஆடி 10, சனி
தனியாகப் போனேன். தியேட்டரில் பதினோரு பேர். பின்னால் ஒருத்தன், "கப்பலு எப்பண்ணே கெளம்பும்? நான் பஸ்ஸப் பிடிக்கணும்."

கடைசிச் சண்டை. ஹீரோ கயிற்றில் பறந்து இறங்குகிறான். அவன் காலடியில் பூசணித் துண்டு. குங்குமம் தடவியது.

உடைத்த பிறகும் எடுத்திருக்கிறான்கள்! அவர் வேலையில்தான் செத்தார்! கத்திவிட்டேன். ஒருவரும் திரும்பவில்லை. சண்டைக்குக் கத்துகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

டிக்கெட் கிழிக்கிறவர்: "நாளைக்கு மத்தியானக் காட்சியோட தூக்குறாகம்மா. ஆளே வரல."

ஆடி 11, ஞாயிறு
பாண்டியைக் கூப்பிட்டேன். "போ மதினி. ஓடாத படத்துக்கு ஆள் பிடிக்கிறியா?" அருவாளை அவன் வாசக்காலில் கொத்தினேன். "வாரியா, ஒன் வண்டிய வெட்டவா?" வந்தான்.

படத்தில் அந்த இடம் வந்ததும் அவன் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தினேன். "அங்கன பாருலே. கால்கிட்ட."

பார்த்தான்.

"அந்தப் பூசணிய நாந்தான் மதினி உடைச்சேன். உடைச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டேன்."

ஓங்கி அறைந்தேன். வாங்கிக்கொண்டான். இன்னொன்று. அதையும் வாங்கிக்கொண்டான்.

நேரே தோட்டத்துக்கு. அவன் கடப்பாரை, நான் அருவாள். இன்னும் பிரிக்காமல் கிடந்த கப்பலைக் குத்திக் கிழித்தோம். தெர்மாகோல் காற்றில் பறந்து பக்கத்துத் தோட்டத்துத் திராட்சைப் பந்தலெல்லாம் வெள்ளை. என் உள்ளங்கை பிய்ந்து ரத்தம். வலி இல்லை.

இரும்பை ஏற்றிப்போக மேனேஜர் நாளைக் காலை வருகிறான். பாண்டி அருவாளைத் தீட்டுகிறான். வேண்டாமென்று நான் சொல்லவில்லை.

பூசணிக்காய் ஒன்று வாங்க வேண்டும். குங்குமம் வீட்டில் சும்மாத்தான் கிடக்கிறது.