கேமரா கெடவில்லை

அன்பு மகள் மோகனாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நான் இங்கே சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் உடம்பு தேறி, நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டும் என்பதுதான் விளக்கேற்றும்போதெல்லாம் என் வேண்டுதல். தினமும் போனில் பேசுகிற அம்மா திடீரென்று கடுதாசி போடுகிறாளே என்று பயந்துவிடாதே. பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறேன். நம் ஊர் சுங்கை புரோங்கில் அறுப்பு ஆரம்பித்துவிட்டது, நெல் லோரி போய்ப் போய் வீடெல்லாம் தூசி, ஒரு நாளைக்கு இரண்டு தரம் கூட்டுகிறேன். அடுத்த வீட்டு கங்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறது. போனில் சொல்ல வாயெடுத்தால் அழுகை முட்டிக்கொண்டு வருகிற ஒரு விஷயம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

வாசல் கேமரா கெட்டுப்போகவில்லை அம்மாடி. பிளக்கைப் பிடுங்கிப் போட்டது நான்தான். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று உன் அண்ணன் லோகேஸ்வரன் குடித்துவிட்டு வந்து சன்னல் கண்ணாடியை உடைத்ததும், தடுக்கப்போன உன் கையில் ஏழு தையல் போட்டதும் எனக்கு மறக்குமா? இனி அவன் இந்த வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று சொல்லி, அயர்லாந்துக்குத் திரும்புவதற்கு முன்னால் அங்கிருந்தே போனில் வாசலைப் பார்க்கிற மாதிரி நீயே ஏணியில் ஏறி அந்தக் கேமராவை மாட்டினாய். நானும் தலையாட்டினேன். இரண்டு வருஷம் அவன் இந்தப் பக்கமே வரவில்லை. சித்திரை பிறந்த மறு ஞாயிற்றுக்கிழமை ராவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். இளைத்துப்போயிருந்தான். குடியை விட்டுப் பதினோரு மாதமாகிறதாம், தொழிற்சாலை வேலைக்கு ஒழுங்காகப் போகிறானாம். உள்ளே வாடா என்றேன். கேமராவில் விழாத இடமாக வேலியோரம் ஒதுங்கிக்கொண்டு, "வேணாம்மா, தங்கச்சி பாத்தா வருத்தப்படும் லா" என்றான். கம்பி இடுக்கில் தட்டு நுழையவில்லை. சோற்றைப் பொட்டலமாகக் கட்டி நீட்டினேன், அவன் வெயிலில் நின்றபடியே தின்றான். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு அவன் வருமுன் பிளக்கைப் பிடுங்கினேன்.

சாயங்காலம் திரும்பக் குத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் நீ கூப்பிட்டுவிட்டாய். தானாகவே நின்றுவிட்டது என்று வாயில் வந்துவிட்டது, அப்புறம் மாற்றிச் சொல்லத் தைரியமில்லை. வைஃபை பெட்டியை அணைத்துப் போடச் சொன்னாய், போட்டேன். பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொன்னாய், படித்தேன். நாற்காலியில் ஏறி அடியிலுள்ள பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, விழுந்துவிடப்போகிறாய், இறங்கும்மா என்று நீயே பதறினாய். சிவப்பு லைட்டா நீல லைட்டா என்று கேட்டாய். ஒன்றுமே எரியவில்லை என்றேன், நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. பிளக் சரியாக இருக்கிறதா என்றதற்குக் கூசாமல் ஆமாம் என்றேன். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் மூன்று நாள் என்னோடு மல்லுக்கட்டினாய். நான் பக்கத்தில் இருந்திருந்தால் உனக்கு இந்தக் கஷ்டம் வருமா அம்மா என்று நீ தேம்பியபோதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு கேமரா பழுது பார்க்கிற பவனேஷை தஞ்சோங் காராங்கிலிருந்து அனுப்பிவைத்தாய். அவர் வந்தது ஞாயிறு மத்தியானம், உன் அண்ணன் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். திரைச்சீலைக்குப் பின்னால் கிடந்த பிளக்கை அவர் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். வயர் கெட்டுவிட்டது, புதுசு வர நாளாகும் என்று என் மகளிடம் சொல்லிவிடுங்கள் தம்பி என்று மெதுவாகக் கெஞ்சினேன். அது லோகேஸ்வரன் காதில் விழுந்துவிட்டது. சோற்றிலிருந்து கையை எடுத்தான். "நான் குடிச்சப்பவும் இப்படித்தாம்மா அப்பாகிட்ட மறைச்ச. காய்ச்சல்ல படுத்திருக்கான்னு சொல்லுவ. அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு அறை விட்டாவது என்னை இழுத்துப் புடிச்சிருப்பாரு. இப்ப தங்கச்சிகிட்டயும் மறைக்கிறியே" என்றான். கையைக் கழுவிவிட்டு அவனே பிளக்கைக் குத்தினான். உன்னிடம் உண்மையைச் சொல்கிற வரைக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கேமராவுக்கு உயிர் வருவதற்குள் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் நீ கூப்பிட்டு, சரியாகிவிட்டது அம்மா என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாய். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா போய்ச் சேருகிற வரைக்கும் நான் மூடி மறைத்ததைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அவன் கெட்டான், அதனால்தான் உன் கையில் கண்ணாடி ஏறியது. அவனை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை, தழும்பு உன் கையில் இருக்கிறது. நான் சொன்ன பொய்க்கு என்னை மன்னித்துக்கொள். ஆனால் ஒன்று மோகனா, இனி அவன் வந்தால் கேட்டைத் திறப்பேன், நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே திறப்பேன். கோபம் வந்தால் என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

அந்த மாரியாத்தா உன்னை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். ஷிப்ட் முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே, காலுறை ஈரமாக இருந்தால் மாற்றிப் போடு. கடுதாசி கிடைத்ததும் கூப்பிடு.

உன் முகத்தை நினைத்தபடி,
அம்மா நவமணி