மேட்டைச் சுற்றிப் போகும் ரோடு

அப்பா,

இன்று காலை மலையேறும்போது, எதிரே இறங்கி வந்த பஸ்ஸிலிருந்து பிரேக் கருகும் வாடை அடித்தது. பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டியது. சனிக்கிழமைகளில் ஜீப்பில் மலையிறங்கித் திருப்பத்தூர் வீட்டுக்கு வருவீர்களே, அப்போது உங்கள் சட்டையில் இருந்த வாடை. அம்மா குளிக்கத் துரத்துவதற்குள் ஓடிவந்து கட்டிக்கொள்வேன்.

இன்று உங்கள் முதல் வருஷத் தெவசம். படையல் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் மலையிலிருந்து படித்துப் போன முதல் இன்ஜினியர் என்று ஊர் உங்களைக் கொண்டாடும். எங்களுக்கு நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வெண்டைக்காய் நறுக்கும் அப்பா. ஒரு துண்டுகூட அளவு பிசகாது. "டேப் எடுத்துக்கினு வரட்டுமா? கொழம்புல போட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்று அம்மா கேலி செய்வாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் அதே அளவில் நறுக்குவீர்கள். பள்ளிக்கூட நாட்களில் எனக்கு ஜடை பின்னிவிட்டதும் நீங்கள்தான். இரண்டு பக்கமும் அப்படிச் சமமாக இருக்கும்.

நம் ஊருக்கு முதல் ரோடு போட வந்தபோது என்னையும் கூட்டி வந்தீர்கள். எட்டாம் வகுப்பு விடுமுறை. அளக்கும் கருவி இருந்தும், புளி மூட்டை சுமக்கும் பெண்களை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனீர்கள். அவர்கள் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் ஒரு குச்சி அடிப்பீர்கள். அங்கே ஏற்றம் அதிகம், ரோடு சுற்றித்தான் போக வேண்டும் என்று அர்த்தம். "கருவிக்கு இன்னாமா தெரியும்? செமக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்றீர்கள். சுற்று அதிகம் என்று மேலதிகாரி குதித்தார். நீங்கள் அசையவில்லை.

ஓய்வு பெற்றதும் அந்த ரோட்டோரத்திலேயே வீடு கட்டிக்கொண்டீர்கள். போன வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டு எழும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். ஆம்புலன்ஸில் உங்கள் தலைமாட்டில் நான்தான் இருந்தேன். ரோடு போட்டபோது நீங்கள் குச்சி அடித்த நெல்லிமேட்டைச் சுற்றும்போது கண்ணைத் திறந்து, "மெதுவா போவச் சொல்லுமா, எதுர்ல பஸ் வரும்" என்றீர்கள். அப்புறம் பேசவில்லை. திருப்பத்தூரில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார். அதை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

சொல்லவில்லையே தவிர, சும்மா இருந்தேனா? "இதுக்கு வாய் மட்டும் இல்லன்னா நாய் தூக்கினு போயிருக்கும்" என்பீர்களே, அந்த வாய். வாசலில் உங்களைக் கிடத்தியிருக்க, ஊரே கூடி நிற்க, கத்தினேன். "இந்த ரோடுதான் எங்கப்பாவக் கொன்னுச்சி! மேட்டச் சுத்தாம நேரா போட்டிருந்தா பொழச்சிருப்பாரு!" ஒப்பாரி வைத்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

இன்று பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சின்னபாப்பா அத்தை வந்தாள். ரோடு அளந்த அன்று மூட்டையோடு முன்னால் நடந்தவர்களில் ஒருத்தி. அப்போது அவள் கல்யாணமாகி வந்த புதிது. இப்போது பாதியாக இளைத்துப் போயிருந்தாள். என் ஈரக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வருசமா சோறு எறங்கல கண்ணு. அன்னிக்கி நெல்லிமேட்டாண்ட நா மூச்சு வாங்க நிக்கல. பாதி வழியில எங்க மாமனாரு வந்து சேந்துகினாரு. அவருக்கு முன்னாடி மருமவ நடக்கலாமா? அவரு தாண்டிப் போவட்டும்னு ஒதுங்கி நின்னேன். உங்கப்பா பாத்துட்டு குச்சி அடிச்சிட்டாரு. அத்தினி ஆம்பளைங்க நடுவுல எப்பிடி வாயத் தெறக்கறது? அந்த மேட்ட நா மூட்டையோட ஓடியே ஏறுவேன் கண்ணு. அப்போ நாந்தான உங்கப்பாவக் கொன்னுட்டேன்?"

கோபம் வரவில்லை என்றால் பொய், அப்பா. அந்த மேட்டைச் சுற்றிவர சரியாகப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். டாக்டர் சொன்னது வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து கிடந்தது. நான் கத்தியதுதான் அவளை அப்படி ஆக்கியிருந்தது.

"அய்யோ அத்தே, பறந்து வந்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாருன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நா ஏதோ ஆத்திரத்துல கத்தினேன்."

"நெசமாவா?"

"அப்பா மேல சத்தியம்."

உங்கள் மேல் பொய்ச் சத்தியம் செய்தேன். மன்னித்துவிடுங்கள். அத்தை கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சோறு இருந்தா கொஞ்சம் போடு" என்றாள். இலை போட்டேன். குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பக்கத்திலேயே நின்று பரிமாறினேன். டாக்டர் சொன்ன பத்து நிமிடத்தை இனி யாரிடமும் சொல்ல முடியாது. செத்துப்போன உங்களிடம் மட்டும்தான் சொல்லலாம்.